பழைய உருவில் ஒரு வண்டி

மனிதர் கையாளும் கருவிகள் காலந்தோறும் மாறி வருகின்றன. சில கருவிகளோ உள்ளே முற்றிலும் மாறிய பின்னரும், வெளியே பழைய தோற்றத்தையே விரும்பி அணிந்துகொள்கின்றன. அப்படிப்பட்ட மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கிய ஆசிரியர் ஒருவரையும் அவருடைய தந்தையையும் பற்றியது இக்கட்டுரை.

திருவண்ணாமலையில் அரசுப் பள்ளி ஒன்றில் கணக்கு ஆசிரியராகப் பணிபுரியும் அவர், தம் 46ஆம் வயதில் கடன் பெற்று ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கினார். வீட்டில் ஸ்கூட்டர் ஒன்று இருந்தது. நன்றாக ஓடிக்கொண்டும் இருந்தது. எனவே, தேவைக்காக வாங்கிய வண்டி என்று இதனைச் சொல்ல இயலாது. கண்ணீர்த்துளி வடிவில் பெட்ரோல் டேங்க், அதன் இரு பக்கமும் பொன்னிறக் கோடு, வட்டமான முகப்பு விளக்கு, ஸ்போக்ஸ் கம்பிச் சக்கரங்கள், முகம் பார்க்கும் அளவுக்குப் பளபளக்கும் சைலன்சர் என அது பார்ப்பதற்கு ஐம்பது ஆண்டுக்கு முந்தைய வண்டியாகவே இருந்தது. கடையில் முதன்முதலாக அதன்மீது அமர்ந்தபோது விற்பனையாளர் சொன்ன மைலேஜ் கணக்கு எதுவும் கணக்கு ஆசிரியரின் காதில் விழவில்லை. அவர் காதில் விழுந்தது, 1980களில் செஞ்சித் தெரு ஒன்றில் மாலை வேளைகளில் கேட்ட ஓசை.

அது அவர் தந்தையின் வண்டியோசை. தந்தை கால்நடை ஆய்வாளராகப் பணியாற்றியவர். செஞ்சியைச் சுற்றியுள்ள சிற்றூர் மக்கள் அவரை ‘மாட்டு டாக்டர்’ என்றே அழைத்தனர். இராணுவத்திலிருந்து ஏலத்திற்கு வந்த 350 சிசி மோட்டார் சைக்கிள் ஒன்றை 1976இல் வாங்கியிருந்தார். கறுப்புச் சாயம் உரிந்த இடங்களிலெல்லாம் உள்ளேயிருந்து இராணுவப் பச்சை எட்டிப்பார்க்கும். தடுப்பூசி மருந்து வைத்த பனிக்கட்டிக் குடுவையைப் பின்னால் கட்டிக்கொண்டு அவர் ஊருக்குள் நுழைவதற்கு முன்பே வண்டியின் ஓசை நுழைந்துவிடும். அந்த ஓசை கேட்டதும் மாடுகளை அவிழ்த்துக்கொண்டு மக்கள் மந்தைவெளிக்கு வருவார்களாம்.

முள் நடுவில் நிற்கும் கணம்

அந்த வண்டியைக் கிளப்புவது ஒரு சடங்கு. முதலில் கார்ப்பரேட்டரின் சிறு பொத்தானை அழுத்திப் பெட்ரோலைத் ததும்பவிட வேண்டும். பிறகு, சாவியைத் திருப்பிவிட்டு, முகப்பு விளக்கின் மேலிருக்கும் சிறிய ஆம்பியர் மீட்டரைப் பார்த்தபடியே கிக்கரை மெல்ல மிதிக்க வேண்டும். பிஸ்டன் மேலேறும்போது முள் ஒரு பக்கம் சாயும். பாயிண்ட் திறந்ததும் நடுவுக்கு வரும். அந்த இடத்தில் நிறுத்தி, கைப்பிடியில் உள்ள டிகம்ப்ரஸர் நெம்புகோலை இழுத்துப் பிஸ்டனைச் சற்றே தாண்டவிட்டு, பிறகு ஓங்கி ஒரே மிதி. முறை தவறினால் கிக்கர் திருப்பி அடிக்கும், முழங்கால் வீங்கும். சிறுவனாக இருந்த ஆசிரியருக்கு வேலை ஒன்றுதான். முள் நடுவுக்கு வந்ததும் “இப்போ!” என்று கத்த வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை முற்பகல் வண்டிக்கு உரியது. பாயிண்ட் இடைவெளி அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. அதனை அளவுத்தகடு செருகிப் பார்ப்பதும், உப்புத்தாளால் மெல்லத் தேய்ப்பதும், கார்ப்பரேட்டரின் ஜெட்டைக் கழற்றி வாயால் ஊதுவதும் தந்தையின் வேலைகள். சாவிகளை எடுத்துக் கொடுப்பது மகனின் வேலை. எந்தப் பகுதி எதற்கு என்பதைக் கண்ணால் கண்டே புரிந்துகொள்ளலாம். பெட்ரோல் எங்கிருந்து எங்கே போகிறது என்பதை விரலால் தொட்டுக் காட்டலாம். ஆசிரியர் கடன் வாங்கியது அந்த ஞாயிற்றுக்கிழமைக்காகத்தான் என்று சொன்னால் அவரே மறுக்கமாட்டார்.

வண்டித் தொழிலில் இந்த ஏக்கம் உலகளாவியது. 1959ஆம் ஆண்டு விற்பனைக்கு வந்த டிரையம்ப் போன்வில், அதனைச் செய்த மெரிடன் தொழிற்சாலை 1983இல் மூடப்பட்ட பின்னரும் மறக்கப்படவில்லை. அப்பெயரும் அத்தோற்றமும் கொண்ட புதிய வண்டி 2001இல் வந்தது. ஜப்பானின் கவாசாகி 1999இல் வெளியிட்ட டபிள்யூ650, 1960களின் சாயலைத் தேடிப் பிடித்தது. இந்தியாவில் இந்த ஏக்கத்திற்கு ஆழமான வேர் உண்டு. இங்கிலாந்தின் ரெட்டிச் நகர நிறுவனத்தோடு மெட்ராஸ் மோட்டார்ஸ் 1955இல் கைகோத்துத் திருவொற்றியூரில் உருவாக்கிய வண்டியும், மைசூரில் 1960களில் உருவான ஜாவாவும் இரண்டு மூன்று தலைமுறைகளின் செவியில் பதிந்தவை. 2018இல் ஜாவா என்னும் பெயர் மீண்டும் சந்தைக்கு வந்தபோது, அதை வரவேற்றவர்களுள் பலர் தலை நரைத்தவர்கள்.

தோற்றம் திரும்பியது, உள்ளுறுப்புகள் திரும்பவில்லை, திரும்பவும் முடியாது. கார்ப்பரேட்டர் காற்றின் உறிஞ்சலை நம்பிப் பெட்ரோலைக் கலப்பது. எவ்வளவு கலந்தது என்று அதற்கே தெரியாது. புகையின் நச்சைக் கட்டுப்படுத்தும் சட்டங்கள் இறுகியபோது அந்த ஏறக்குறைய கணக்கு போதாமல் போயிற்று. இந்தியாவில் 2020 ஏப்ரல் முதல் நாளிலிருந்து பாரத் ஸ்டேஜ் 6 விதிகள் நடைமுறைக்கு வந்தன. கழிவுப் புகையில் எஞ்சிய ஆக்சிஜனை ஓர் உணரி அளக்க, எஞ்சினின் வெப்பத்தை மற்றோர் உணரி சொல்ல, சிறு கணினி ஒன்று கணக்கிட்டுப் பெட்ரோலைத் துளித்துளியாகப் பீய்ச்சுகிறது. போன்வில்லில் இந்தப் பீய்ச்சு முறை வந்தபோது, அதன் உறுப்பை வெளிப்பார்வைக்குப் பழைய கார்ப்பரேட்டர் போலவே வடித்துவிட்டனர். இதை ஏமாற்று என்று சொல்வது கடுமையாகும். ஆயினும், பார்க்கும் கண் ஒன்றை நம்ப, தொடும் கை வேறொன்றைச் சந்திக்கிறது என்பது உண்மை.

கை சந்தித்தவை

ஆசிரியர் வாங்கிய வண்டி எந்த நிறுவனத்துடையது என்பது இங்கு வேண்டியதில்லை. இவ்வகை வண்டி வைத்திருப்போர் இருவர் தேநீர்க் கடையில் சந்தித்தால் பேசிக்கொள்ளும் குறைகள்தாம் அவருக்கும் வாய்த்தன. முதல் மாதத்திலேயே எஞ்சினை ஒட்டிய சைலன்சர்க் குழாய் வெப்பத்தால் மஞ்சளாகிப் பின் நீலம் பூத்தது. மழைக்காலம் முடிந்ததும் கம்பிகளின் முனையில் செம்புள்ளிகள் தோன்றின. வட்டக் கண்ணாடிகளில் அவருடைய முழங்கைகள் தெளிவாகத் தெரிந்தன. 80 கிலோமீட்டர் வேகத்தில் அவையும் அதிர்ந்து மங்கின. பின்னிருக்கை அழகாக இருந்தது, அவ்வளவே. அதில் ஒருமுறை செஞ்சி வரை வந்த அவர் மனைவி, மறுமுறை பேருந்தில் வருவதாகச் சொல்லிவிட்டார்.

டேங்க் மூடியைச் சுற்றிய பள்ளத்தில் ஒரு சிறு துளை உண்டு. மழைநீர் வழிந்து கீழே போவதற்கானது அது. தூசி அடைத்துக்கொண்டால் நீர் தேங்கி, மூடியைத் திறக்கும்போது டேங்கிற்குள் இறங்கும். இரண்டு முறை வண்டி இருமியதற்குப் பின்னரே அந்தத் துளை இருப்பதே அவருக்குத் தெரிந்தது. பழைய சைக்கிள் கம்பி ஒன்றை நேராக்கி அதைக் குத்தி எடுத்த நாளில் அவர் மகிழ்ச்சியாகக்கூட இருந்தார். கையால் செய்ய ஒரு வேலை கிடைத்ததல்லவா!

பஞ்சர் ஆன இரவு அப்படி இல்லை. கம்பிச் சக்கரத்தின் விளிம்பில் ஒவ்வொரு கம்பிக்கும் ஒரு துளை இருப்பதால் காற்று அதில் நேரடியாக நிற்காது. உள்ளே டியூப் வேண்டும். டியூப் இல்லாத டயரில் ஆணி ஏறினால் காற்று மெல்லக் கசியும், வீடு வந்து சேரலாம். டியூபில் ஏறினால் சில நொடிகளில் சக்கரம் தரையில் அமர்ந்துவிடும். கீழ்பென்னாத்தூருக்கு அருகில் இரவு எட்டு மணிக்கு அதுதான் நடந்தது. ஏறத்தாழ 190 கிலோ எடையுள்ள வண்டியை இரண்டு கிலோமீட்டர் தள்ளிக்கொண்டு வந்து, அடைக்கவிருந்த பஞ்சர் கடையின் முன் நிறுத்தினார். கடைக்காரர் டார்ச் விளக்கைப் பின்சக்கரத்தில் அடித்துப் பார்த்துவிட்டுத் தயங்கினார்.

“பின் வீலு சார். கழட்டினா இந்த பிரேக் சென்சார் வயர்ல கை படும். ஏதாவது ஆச்சுன்னா என்னைச் சொல்வீங்க.”

சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் பிரேக் 125 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு 2019 முதல் கட்டாயம். சக்கரத்தின் வேகத்தை அறிய அதற்கு ஓர் உணரி வேண்டும். வழுக்கும் சாலையில் உயிர் காக்கும் அந்த உறுப்பு, பஞ்சர் கடைக்காரரின் கையை இப்படிக் கட்டிப்போடும் என்று யாரும் எண்ணியிருக்கமாட்டார்கள். கடைசியில் அவரே வழி கண்டார். சக்கரத்தைக் கழற்றாமல், நடு ஸ்டாண்டில் நிறுத்தி, டயரின் ஒரு விளிம்பை மட்டும் நெம்பி, ஆணி ஏறிய பகுதி டியூபை வெளியே இழுத்து ஒட்டுப்போட்டார். ஒரு மணி நேரம் ஆயிற்று. எந்த நூலிலும் எழுதப்படாத அந்த வித்தைக்கு அவர் கேட்ட கூலி மிகக் குறைவு.

வண்டிக்குத் தெரியவில்லை

கோடை விடுமுறையில் ஆசிரியர் செஞ்சிக்கு வந்தார். தந்தைக்கு அப்போது 79 வயது, செவி மந்தமாகிவிட்டது. அவர் பணிபுரிந்த ஊர்களுள் ஒன்றுக்கு அவரைப் பின்னால் அமர்த்தி அழைத்துச் செல்ல வேண்டும் என்பது வண்டி வாங்கிய நாள்முதல் மகனுக்கிருந்த ஆசை. தந்தையும் மறுக்கவில்லை. வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாசலுக்கு வந்து, வழக்கம்போல, “ஸ்டாண்டு எடுத்தியா?” என்றார்.

வழக்கம்போல என்பதைச் சொல்ல வேண்டும். வீட்டிலிருந்து யார் இருசக்கர வண்டியில் கிளம்பினாலும் அவர் கேட்கும் கேள்வி அது. மகன், மருமகள், பால்காரர், கேஸ் சிலிண்டர் கொண்டுவருபவர் என எவரும் அதற்குத் தப்பியதில்லை. தெருவில் பக்க ஸ்டாண்டை மடக்காமல் போகிறவரைப் பார்த்து முன்பின் தெரியாதவர்களும் “சைடு ஸ்டாண்டு! சைடு ஸ்டாண்டு!” என்று கத்தும் ஊர்தான் நம்முடையது. ஆகையால், மகன் இதை முதுமையின் பழக்கம் என்று மட்டுமே எண்ணியிருந்தார்.

அன்று வண்டி கிளம்பவில்லை. நியூட்ரலில் உயிர்த்தது, முதல் கியர் போட்டதும் அணைந்தது. மீண்டும் உயிர்த்தது, மீண்டும் அணைந்தது. பத்து முறைக்கு மேல் முயன்றபின், தெருமுனையில் கடை வைத்திருக்கும் மெக்கானிக்கை அழைத்து வந்தார். தந்தையின் பழைய வண்டியில் கைவேலை பழகிய அக்காலச் சிறுவர்தான் அவர். இப்போது அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தார்.

அவர் முதலில் எதையும் தொடவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பொறியைப் பார்த்தார். நல்ல நீலப் பொறி. கிளட்ச் கம்பி, செயின், பெட்ரோல் எனத் தமக்குத் தெரிந்த வாசல்களை எல்லாம் தட்டினார். எல்லாம் சரியாக இருந்தன. வேலை தெரிந்தவருக்கு வரும் துன்பங்களில் இது கொடியது. குற்றம் இருக்கிறது என்பது தெரிகிறது. குற்றவாளியாக ஓர் உறுப்பும் அகப்படவில்லை.

“எஞ்சின்ல ஒண்ணும் இல்ல தம்பி,” என்றார் இறுதியில். “யாரோ இதை ஓடாதேன்னு சொல்றாங்க. அது யாருன்னு என் காதுக்குக் கேக்கல. கம்பெனி ஆளுங்க கம்ப்யூட்டர மாட்டித்தான் கேக்கணும்.”

கூலி கொடுத்தபோது வாங்க மறுத்தார். “டாக்டரய்யா வண்டிக்குப் பார்த்தவன். இதுல நான் என்ன பண்ணேன், வாங்கறதுக்கு?” என்று சொல்லிவிட்டுக் கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தார். அவருடைய கடையில் இப்போது ஆயில் மாற்றும் வேலையும் பழைய மொபெட் வேலையுமே வருகின்றன.

வண்டி ஒரு குட்டி யானையில் ஏறி, நிறுவனத்தின் சர்வீஸ் நிலையத்திற்குப் போயிற்று. அங்கிருந்த இளைஞர் அரை மணி நேரத்தில் காரணத்தைக் கண்டுபிடித்தார். பக்க ஸ்டாண்டின் அடியில் ஒரு சிறு ஸ்விட்ச். ஸ்டாண்டு கீழே இருக்கும்போது கியர் போட்டால் எஞ்சினை நிறுத்திவிடுவதே அதன் வேலை. சேறும் நீரும் புகுந்து அது கெட்டுவிட்டது. ஸ்டாண்டு மேலே இருப்பது கண்ணால் பார்ப்பவருக்குத் தெரிகிறது, வண்டிக்குத் தெரியவில்லை. புதிய ஸ்விட்ச் கையிருப்பில் இல்லை. வருவதற்கு ஒன்பது நாள் ஆயிற்று. புளியங்கொட்டையைவிடச் சற்றே பெரிய ஒரு பொருளுக்காக 190 கிலோ இரும்பு ஒன்பது நாள் காத்து நின்றது.

அந்நாள்களில் ஆசிரியரின் எரிச்சல் ஏறிக்கொண்டே போயிற்று. ஒரு மாலை திண்ணையில் அமர்ந்து தந்தையிடம் கொட்டித் தீர்த்தார். பழைய வண்டியில் இந்த வேண்டாத வேலையெல்லாம் இல்லை, நல்ல வண்டியைக் காலம் கெடுத்துவிட்டது என்றார். எது கெட்டது என்று தந்தை கேட்டார். மகன் அவர் காதருகே குனிந்து உரக்கச் சொன்னார். தந்தை சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, சட்டைக் காலரை விலக்கி, இடத்தோளின் எலும்பு மேடிட்டிருந்த இடத்தைக் காட்டினார்.

“இது எப்படி வந்துச்சு தெரியுமா?”

“காளை முட்டினதுன்னு அம்மா சொல்லும்.”

“நான்தான் அப்படிச் சொல்லச் சொன்னேன். ஆபீஸ்ல சிரிப்பாங்கன்னு.”

1983ஆம் ஆண்டு மழைக்காலத்தில், கோமாரி ஊசி போடும் அவசரத்தில் ஒரு தொழுவத்திலிருந்து கிளம்பியவர், பக்க ஸ்டாண்டை எடுக்க மறந்துவிட்டார். நேர்ச்சாலையில் ஒன்றும் தெரியவில்லை. இடப்புறம் வளைந்து சாய்ந்ததும் ஸ்டாண்டு தரையில் ஊன்றி வண்டியைத் தூக்கி எறிந்தது. கழுத்துப்பட்டை எலும்பு முறிந்தது. குடுவை உடைந்து மருந்து முழுவதும் வீணாயிற்று. மூன்று ஊர் மாடுகளுக்கு ஊசி தள்ளிப்போயிற்று. அவற்றில் சில மாடுகள் நோயுற்றன. எலும்பு கூடியது. இது மட்டும் கூடவில்லை என்பது அவர் சொன்ன விதத்தில் தெரிந்தது.

“வண்டிய 1991ல வித்துட்டு டிவிஎஸ் 50 வாங்கினேன் பாரு, அன்னிக்குத்தான் நிம்மதியாத் தூங்கினேன். ஞாயித்துக்கிழமை எனக்கு லீவு கிடைச்சது.”

அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் தந்தை தரையில் படுத்து எஞ்சினுக்கு அடியில் கையை நீட்டும்போது ஏன் வலக்கையை மட்டும் நீட்டினார் என்பது நாற்பது ஆண்டுக்குப் பின் மகனுக்கு விளங்கியது. சாவி எடுத்துக் கொடுத்த சிறுவனுக்கு அவை விழா நாள்கள். திங்கட்கிழமை ஊர்களுக்குப் போயாக வேண்டியவருக்கு அவை இன்னொரு வேலை நாள்.

பத்தாம் நாள் வண்டி வந்தது. மறுநாள் அதிகாலை இருவரும் கிளம்பினர். தந்தை வண்டியை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். வட்ட மீட்டருக்குள் குனிந்து, “ஆம்பியர் முள்ளு எங்க?” என்று கேட்டார். அது இப்போது இல்லை என்று மகன் கையசைத்தார். குட்டையான பின்னிருக்கையில் ஏறி அமர்ந்து, மகனின் தோளைப் பற்றிக்கொண்டார்.

“ஸ்டாண்டு எடுத்தியா?”

மீட்டரில் ஸ்டாண்டுக்கான சிவப்புக் குறி அணைந்திருந்தது. இருந்தும், மகன் இடக்காலை நீட்டி ஒருமுறை தடவிப் பார்த்தார். “எடுத்துட்டேம்பா” என்று திரும்பி உரக்கச் சொன்னார்.

செஞ்சிக் கோட்டை மலைகள் பின்னால் போயின. தந்தைக்கு எஞ்சினின் ஓசை பெரிதாகக் கேட்டிருக்காது. இரண்டாம் கியரிலிருந்து மூன்றாம் கியருக்கு மாற்றியபோது மட்டும் அவருடைய கை மகனின் தோளில் இரண்டு முறை தட்டியது.

“செயின் தொங்குது. போனதும் பாரு.”